காற்றுக்கு ஏன் 12,995 ரூபாய்? ஒரு விளையாட்டு பிராண்ட் மனதில் இடம்பிடிக்கும் கதை

வேளச்சேரிப் பக்கம் ஒரு ஷூ கடையில் பார்த்த காட்சி. பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற பையன் ஒருவன் நைக்கி ஏர் மேக்ஸ் ஷூ ஒன்றைக் கையில் எடுத்து, குதிகால் பக்கம் கண்ணாடி மாதிரித் தெரிகிற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் பார்வை ஷூமேல் இல்லை, அதில் தொங்கிய விலைச்சீட்டின் மேல். 12,995 ரூபாய்.

"உள்ள என்னடா இருக்கு?"

"காத்துப்பா. ஏர்."

"காத்துக்கா இவ்வளவு காசு?"

நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இதற்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒரு கட்சி, "எல்லாம் விளம்பரம்" என்று சொல்லும். இன்னொரு கட்சி, "தரம் சார், தரம்" என்று சொல்லும். இரண்டையும் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் இரண்டும் ஓட்டைச் சத்தம்தான் கொடுக்கின்றன.

தரம் மட்டும்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். நைக்கி தன் ஷூக்களைத் தானே தைப்பதில்லை. ஒப்பந்தத்தில் வேறு நிறுவனங்களின் ஆலைகள் செய்து கொடுக்கின்றன. அப்படி ஓர் ஆலை, தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்தது, திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் இருக்கிறது. அதே கைகள், அதே மிஷின், அதே பசையை வைத்து அந்த ஆலையே தன் சொந்தப் பெயரில் ஒரு ஷூவைக் கொண்டுவந்தால் 12,995 கொடுத்து யார் வாங்குவார்?

சரி, அப்படியானால் விளம்பரமா? நைக்கியின் ஆண்டுக் கணக்கில் விளம்பரம், வீரர்களுக்கும் அணிகளுக்கும் கொடுக்கும் பணம் எல்லாம் சேர்ந்து ஒரே தலைப்பில் வரும். அந்தத் தலைப்பின் பெயரைத் தமிழில் சொன்னால் 'தேவையை உருவாக்கும் செலவு'. பெயரிலேயே ஒளிவுமறைவு இல்லை. 2024 மே மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் அது ஏறத்தாழ 430 கோடி டாலர். அந்த ஆண்டின் வருவாய் ஏறத்தாழ 5,140 கோடி டாலர். 100 டாலர் வந்தால் 8 டாலர் போலத்தான் இதற்குப் போகிறது. பாதிக்கு மேல் விளம்பரத்துக்கே போய்விடுகிறது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அப்புறம், பணத்தைக் கொட்டினாலே போதும் என்றால், இவ்வளவு செலவழித்த அதே 2024இல் நைக்கியின் பங்கு விலை ஒரே நாளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சரிந்திருக்காது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

தர்பூசணி வாங்குவது எப்படி?

சித்திரை வெயிலில் சாலையோரம் தர்பூசணி குவித்து வைத்திருப்பார்கள். தட்டிப் பார்ப்போம், தூக்கிப் பார்ப்போம், காம்பைப் பார்ப்போம். இருந்தாலும் உள்ளே சிவப்பா வெளுப்பா என்று வெளியிலிருந்து தெரியாது. விற்பவருக்கு ஓரளவு தெரியும், நமக்குத் தெரியாது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்த விஷயங்களில் உள்ள இந்த வித்தியாசத்தைப் பொருளாதாரத்தில் தகவல் இடைவெளி என்கிறார்கள். அந்த இடைவெளியை மூட, கெட்டிக்கார வியாபாரி கத்தியை எடுத்து முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி வெளியே எடுத்துக் காட்டுவார். "பாருங்க சார், ரத்தச் சிவப்பு."

ஓட்ட ஷூவும் ஒரு தர்பூசணிதான். மேலே துணி, தரையில் படும் இடத்தில் ரப்பர், நடுவில் மிட்சோல். மிட்சோல் என்பது காலுக்கும் தரைக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் நுரைப் பகுதி. ஷூவின் உயிரே அங்கேதான். ஒரு நல்ல மிட்சோல் 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடும்வரை தாங்கும் என்பது ஓட்டக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கடைக்குள் நாலடி நடந்து பார்த்து இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? 300 கிலோமீட்டரில் நுரை செத்துப்போகும் ஷூவும் முதல் நாள் மெத்தென்றுதான் இருக்கும்.

ஆக, ஷூ விற்பவருக்கு ஒரு சிக்கல். தன் பொருள் நல்லது என்று அவருக்குத் தெரியும், அதை வெட்டிக் காட்ட வழியில்லை. பெரிய விளையாட்டு பிராண்டுகளின் வரலாறு என்பது, எங்கே எப்படி வெட்டிக் காட்டுவது என்று அவை கண்டுபிடித்த கதைதான் என்பது என் கட்சி.

ஒரு நிறுவனம் இதை அப்படியே செய்தும் காட்டியது. விண்வெளித் துறையில் வேலை பார்த்த ஃபிராங்க் ரூடி என்ற பொறியாளரின் யோசனைப்படி, காற்றடைத்த பையை நைக்கி 1970களின் கடைசியிலேயே சோலுக்குள் வைத்துவிட்டது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே காற்று இருக்கிறது என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும். 1987இல் வந்த ஏர் மேக்ஸில் வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்ஃபீல்ட் சோலின் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வைத்தார். அவர் படித்தது கட்டடக்கலை. குழாய்களையும் படிக்கட்டுகளையும் வெளிப்பக்கம் தெரியவிட்ட பாரிஸ் நகரத்துப் பாம்பிடூ மையத்தைப் பார்த்து வந்த யோசனை அது. வேளச்சேரிப் பையன் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தது அந்த ஜன்னலைத்தான். தர்பூசணியின் முக்கோணத் துண்டு.

லோகோ வேறு, பிராண்ட் வேறு

இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம். லோகோ என்பது ஒரு படம். பிராண்ட் என்பது, அந்தப் படத்தைப் பார்த்ததும் வாங்குபவர் மனதில் எழுகிற ஞாபகங்களும் நம்பிக்கையும். முதலாவது டப்பாவின் மேல் இருக்கிறது, இரண்டாவது உங்கள் தலைக்குள் இருக்கிறது.

நைக்கியின் அந்த வளைந்த கோட்டை 1971இல் வரைந்தவர் கரோலின் டேவிட்சன், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவி. அவருக்குக் கிடைத்த கூலி 35 டாலர். (பிற்பாடு, 1983இல், நிறுவனம் அவருக்குப் பங்குகள் பரிசளித்தது.) அன்றைக்கு அந்தக் கோட்டின் மதிப்பு அவ்வளவுதான். ஏனென்றால் அதைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. கோடு இன்றும் ஏறக்குறைய அதே கோடுதான்.

லோகோவை மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன், ஒரு நடைபாதைக் கடையில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சொல்லி ஒரு பெரிய பிராண்டின் போலியை 900 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். படம் அச்சு அசலாக இருந்தது. மூன்றாவது வாரம், பேருந்துக்கு ஓடும்போது சோல் வாயைப் பிளந்தது. உள்ளே பார்த்தால் நுரை இருக்க வேண்டிய இடத்தில் அட்டை. மழையில் நனைந்து ஊறிய அட்டை.

நைக் என்பதா நைக்கி என்பதா என்று கேட்பவர்களுக்கு: கிரேக்க வெற்றித் தெய்வத்தின் பெயர், அதனால் நைக்கி. நைக் என்று கேட்டாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஷூவின் தரம் கடையில் தெரியாது. தெரியாத இடத்தை நிரப்புவது தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் பிராண்ட். அடுத்த கேள்வி, அது தலைக்குள் எப்படிப் போய் உட்காருகிறது?

மைதானத்தில் வெட்டிக் காட்டிய துண்டு

ஜெர்மனியில் ஹெர்ட்சோகெனாவுராக் என்று ஒரு சின்ன ஊர். ஆடி டாஸ்லர், ரூடி டாஸ்லர் என்ற அண்ணன் தம்பி அங்கே ஷூ செய்துவந்தார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் காலில் அவர்களுடைய ஆணி ஷூ இருந்தது. பின்னால் சகோதரர்களுக்குள் பெரும் சண்டை, பாகப்பிரிவினை. அண்ணன் ரூடி 1948இல் பூமாவைத் தொடங்கினார், தம்பி ஆடி 1949இல் அடிடாஸை. ஒரே ஊரில் இரண்டு ஆலைகள், ஊரே இரண்டு கட்சி.

அடிடாஸுக்குக் கிடைத்த மிகப் பெரிய முக்கோணத் துண்டு 1954 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். எதிரணி ஹங்கேரி. நான்கு ஆண்டுகளாகத் தோற்காத அணி, அதே போட்டியின் முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8க்கு 3 என்று துவைத்த அணி. இறுதி நாளில் மழை கொட்டியது, தரை சேறு. ஜெர்மானியர்களின் பூட்ஸில் இருந்தவை கழற்றி மாட்டக்கூடிய திருகு ஆணிகள். நீளமான ஆணிகளைத் திருகிக்கொண்டு இறங்கினார்கள். 3க்கு 2 என்று ஜெயித்தார்கள். திருகு ஆணியை முதலில் யார் கண்டுபிடித்தது என்று அண்ணனும் தம்பியும் பிறகு உரிமைச் சண்டை போட்டார்கள் என்பது தனிக் கதை. வாங்குபவர் மனதில் பதிந்தது ஒன்றே ஒன்று: சேற்றில் மற்றவர்கள் வழுக்கியபோது இந்த பூட்ஸ் வழுக்கவில்லை.

கடைக்காரர் ஆயிரம் முறை சொன்னாலும் வராத நம்பிக்கை, ஊர் பார்க்க ஓர் ஆட்டத்தில் வந்துவிடுகிறது. காரணம் எளிது. வழுக்கி விழ வாய்ப்பு இருக்கிற இடத்தில், விழுந்தால் மானம் போகிற இடத்தில், ஒருவர் ஒரு பொருளை நம்பி இறங்குகிறார். தோற்க வாய்ப்புள்ள இடத்தில் காட்டும் சாட்சிக்குத்தான் எடை அதிகம். வீரருக்கு நிறுவனம் பணமோ பொருளோ கொடுத்துத் தன் சரக்கைப் போடவைக்கும் ஏற்பாட்டை விளம்பர ஒப்பந்தம் என்று சொல்லலாம். 1970 உலகக் கோப்பையில் ஆட்டம் தொடங்கும் முன் பெலே நடுவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் குனிந்து லேஸ் கட்டினாரே, கேமரா அவருடைய பூமா பூட்ஸை நெருங்கிக் காட்டியதே, அது அப்படி ஓர் ஒப்பந்தத்தின் பலன்.

சாட்சி எதிராகவும் திரும்பும். 2019 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று. ஒபாமா வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சயான் வில்லியம்சன் என்ற இளம் நட்சத்திரத்தின் நைக்கி ஷூ கிழிந்து கால் வெளியே வந்துவிட்டது, முழங்காலில் அடி. மறுநாள் நைக்கியின் பங்கு விலை ஒரு சதவீதம் போல இறங்கியது. தர்பூசணியை வெட்டியதும் வெளுப்பாக இருந்தால் சுற்றி நிற்கும் எல்லாரும் பார்ப்பார்கள், அதுதான் இந்த வித்தையின் ஆபத்து.

வீட்டுச் சுண்டலும் கோயில் சுண்டலும்

இதுவரை சொன்னது ஷூ உழைக்குமா என்ற நம்பிக்கையைப் பற்றி. ஆனால் அந்தப் பையன் மாரத்தான் ஓடப் போவதில்லை. அவன் ட்யூஷனுக்குப் போவான். அவனுக்கு எதற்கு இந்த ஷூ?

நவராத்திரிக்கு வீட்டில் சுண்டல் செய்கிறோம். அதே கொண்டைக்கடலை, அதே தேங்காய்த்துருவல். கோயிலில் தொன்னையில் கொடுத்தால் மட்டும் அது வேறு சுண்டல். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுகிறோம். கடலையில் மாற்றமில்லை, அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் மாற்றம். ஒரு மனிதரோடோ இடத்தோடோ சேர்ந்த மதிப்பு ஒரு பொருளுக்குத் தாவிவிடுவதை மதிப்புத் தாவல் என்று நான் சொல்வேன்.

இதற்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் மைக்கேல் ஜோர்டன். 1984இல் அவர் தொழில்முறைக் கூடைப்பந்துக்குள் நுழையும் புதுப் பையன். நைக்கிக்கு அப்போது நேரம் சரியில்லை. அமெரிக்காவில் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த காலம் தணிய, ஏரோபிக்ஸ் ஷூக்களோடு ரீபாக் முந்திக்கொண்டிருந்தது. ஜோர்டனுக்கோ நைக்கியே பிடிக்காது, அவர் விரும்பியது அடிடாஸ். நைக்கியைப் போய்ப் பார்க்கவே மாட்டேன் என்றவரை அவர் அம்மா டெலோரிஸ்தான் நைக்கியின் தலைமையகம் இருக்கும் ஓரிகனுக்குப் போக வைத்தார். ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், ஐந்து ஆண்டுகள், கூடவே அவர் பெயரிலேயே ஒரு ஷூ. இன்னும் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாதவருக்கு.

கறுப்பும் சிவப்புமான ஷூவைப் போட்டு ஆடக்கூடாது, விதிப்படி வெள்ளை வேண்டும் என்று கூடைப்பந்துக் கழகம் தடுத்தது. ஆட்டத்தில் தடை செய்யலாம், நீங்கள் போடுவதை யாரும் தடுக்க முடியாது என்கிற தொனியில் நைக்கி விளம்பரம் எடுத்துவிட்டது. நம் ஊரில் வாத்தியார் "இந்த மாதிரி முடி வெட்டிக்கொண்டு வராதே" என்று ஒரு பையனைச் சொன்னால் அடுத்த வாரம் வகுப்பே அந்த முடியோடு வருமே, அதே கணக்கு. நான்காவது ஆண்டு முடிவில் 30 லட்சம் டாலருக்கு விற்றால் போதும் என்று நைக்கி எதிர்பார்த்தது. முதல் ஆண்டிலேயே 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது.

அதை வாங்கியவர்கள் எல்லாரும் கூடைப்பந்து ஆடினார்களா என்ன? அவர்கள் வாங்கியது, வானத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்ற ஒரு மனிதரில் கொஞ்சம். இதை 'முட்டாள்தனம்' என்று ஒதுக்குபவர்கள், தலைவர் படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு முதல் காட்சிக்குப் போன தங்கள் இளமையை ஒரு முறை நினைத்துக்கொள்ளட்டும்.

மைதானத்துக்கு வெளியிலிருந்தும் இந்தத் தாவல் நடக்கும். அடிடாஸின் கூடைப்பந்து ஷூ ஒன்றை லேஸ் இல்லாமல் போட்டுக்கொண்டு, அந்த ஷூவைப் பற்றியே 1986இல் பாட்டும் பாடியது நியூயார்க்கின் ரன் டி.எம்.சி என்ற ராப் குழு. அப்போது அவர்களுக்கு யாரும் பணம் கொடுத்திருக்கவில்லை. ஒரு நிகழ்ச்சியில் அவர்கள் கேட்டதும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஷூவைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார்கள். அதை நேரில் பார்த்த பிறகுதான் அடிடாஸ் ஒப்பந்தத்துக்கே வந்தது. மதிப்பை நிறுவனம்தான் உருவாக்கும் என்பதில்லை, சில நேரம் தெருவிலிருந்தே அது எழும்பி வருகிறது.

1988இல் நைக்கி 'ஜஸ்ட் டூ இட்' என்ற வாசகத்தோடு வந்தது. அதன் முதல் விளம்பரங்களில் ஒன்றில் ஓடியவர் வால்ட் ஸ்டாக் என்ற 80 வயதுத் தாத்தா, சட்டையில்லாமல், சான் ஃபிரான்சிஸ்கோ பாலத்தின் மேல். இளம் வீரருக்கான ஷூ என்ற வேலியை அந்தத் தாத்தா தாண்டிவிட்டார்.

இன்னொரு சுருக்கம்: வீரர் இரண்டு வேலை செய்கிறார். பொருள் உழைக்கும் என்று சாட்சி சொல்கிறார், தன் மதிப்பைப் பொருளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறார். முதலாவது ஓடுபவர்களுக்கு, இரண்டாவது எல்லாருக்கும்.

நல்லது ஒட்டுகிற மாதிரிக் கெட்டதும் ஒட்டும். 1990களில் ஆசிய ஒப்பந்த ஆலைகளின் சொற்பக் கூலியும் மோசமான வேலை நிலைமையும் வெளியே வந்தபோது அடி வாங்கியது ஆலைகளின் பெயர் இல்லை, யாருக்கும் அந்தப் பெயர்களே தெரியாது. நைக்கியின் பெயர்தான் நாறியது. 1998இல் நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட்டே மேடையேறி மாற்றங்களை அறிவிக்க வேண்டி வந்தது. தலைக்குள் இருக்கிற சொத்துக்கு இந்தத் தொல்லை உண்டு, அதைப் பூட்டி வைக்க முடியாது.

ஞாபகத்தில் வரவேண்டும், கைக்கும் எட்டவேண்டும்

பாட்டி வனஸ்பதி என்று கேட்டதே இல்லை, 'டால்டா' என்றுதான் கேட்பார். நகல் எடுக்கப் போகிறவர் ஜெராக்ஸ் எடுக்கத்தான் போகிறார். ஒரு தேவை வந்ததும் யோசிக்காமலே ஒரு பெயர் நாக்கில் வந்து நிற்பதை மன இருப்பு என்போம். பெரிய பிராண்டுகளுக்கு இது நிறையவே உண்டு. ஆனால் இது பாதிதான். மீதிப் பாதி, நாக்கில் வந்த பெயர் போன கடையில் நம் அளவில் இருக்க வேண்டும். அதைக் கடை இருப்பு என்போம். அண்ணாச்சி கடையில் கேட்ட சோப்பு இல்லையென்றால் நாம் அடுத்த தெருவுக்கா போகிறோம்? "சரி, அதைக் கொடுங்க" என்று பக்கத்தில் இருப்பதை வாங்கிவிடுகிறோம்.

2024 சரிவுக்கு இங்கேதான் வருகிறோம். 2017 வாக்கில் நைக்கிக்கு ஓர் எண்ணம்: நடுவில் கடைக்காரர்கள் எதற்கு? நம் செயலியிலும் சொந்த ஷோரூமிலும் நேராக விற்றால் லாபம் முழுக்க நமக்குத்தானே? கணக்குப் பார்த்தால் சரிதான். பல கடைகளுக்குச் சரக்கைக் குறைத்தார்கள், சிலவற்றுக்கு நிறுத்தியே விட்டார்கள். 2019இல் அமேசானிலிருந்தும் வெளியே வந்தார்கள். கொரோனாக் காலத்தில் எல்லாரும் ஃபோனில் வாங்கியதால் திட்டம் ஜெயித்த மாதிரியே தெரிந்தது.

காலி அலமாரியை எந்தக் கடைக்காரரும் அப்படியே விட்டுவைக்க மாட்டார். பிரான்சில் 2009இல் பிறந்த ஹோக்கா, சுவிட்சர்லாந்தில் 2010இல் பிறந்த 'ஆன்' (On), இந்த மாதிரிப் புதுப் பெயர்கள் அந்த இடத்துக்கு வந்தன. ஹோக்காவின் தடித்த சோலைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. கண்ணில் பட்டதால் காலில் போட்டுப் பார்த்தார்கள், போட்டுப் பார்த்ததால் வாங்கினார்கள். நைக்கியோ பழைய மாடல்களையே நிறம் மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தது, புதிதாக வெட்டிக் காட்டத் துண்டு அதிகமில்லை. 2024 ஜூன் 28 அன்று, வரும் ஆண்டில் விற்பனை குறையும் என்று நிறுவனம் சொன்ன மறுநாள், பங்கு ஏறத்தாழ 20 சதவீதம் விழுந்தது. அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி மாறினார். வந்தவர் எலியட் ஹில், 1988இல் பயிற்சி ஊழியராகச் சேர்ந்து 2020இல் ஓய்வு பெற்றுப் போனவர். அவர் வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று, கடைக்காரர்களிடம் திரும்பிப் போனது. 2025இல் அமேசானுக்கும் திரும்பினார்கள்.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் நைக்கியை யாரும் மறந்துவிடவில்லை. லோகோ அதேதான், ஜோர்டன் அதே ஜோர்டன்தான்.

வேளச்சேரிக் கடையில் அந்த அப்பா கடைசியில் மனம் இளகிவிட்டார். "சரி, போட்டுப் பாரு" என்றார். விற்பனையாளர் உள்ளே போய் ஐந்து நிமிடம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். "9 சைஸ் இல்ல சார். ஆர்டர் போட்டா நாலு நாள்ல வந்துரும்." பையன் முகம் சுருங்கியது. இரண்டு நாளில் ஊர்ப் பயணமாம். கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் பக்கத்து அலமாரியில், நான் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு ஷூவை எடுத்து, அதன் சோலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"இது 9 இருக்காண்ணா?"

இருந்தது.